சோம்பேறிச் சாப்பாடு

சமைக்க நேரமில்லைன்னு சொல்றவங்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். பசியை வயித்துல வெச்சுக்கிட்டு, சாப்பாட்டு வண்டி எந்தச் சந்துல திரும்புது, எந்த சிக்னல்ல நிக்குதுன்னு முக்கா மணி நேரம் போனையே பார்த்துட்டு உக்காந்திருக்க எவ்வளவு பொறுமை வேணும்! அந்தப் பொறுமையில கால்வாசி எனக்கு இருந்திருந்தா, இந்நேரம் பென்னாகரம் ரோட்டுல எனக்கு ஒரு சிலை நின்னிருக்கும்.

என் பேரன் பெங்களூர்ல வேலை பார்க்கிறான். அவன் பொண்டாட்டியும் வேலைக்குப் போவுது. ரெண்டும் படிச்ச பிள்ளைங்க, தங்கமான பிள்ளைங்க. அடுப்பை மட்டும் ஆகாத பங்காளியைப் பார்க்கிற மாதிரி பார்க்குங்க. "தாத்தா, நாங்க இப்பல்லாம் ஹெல்த்தியா சாப்பிடறோம்"னு ஒரு படம் அனுப்பிச்சான். தட்டு நடுவுல கரும்பழுப்பா ஒரு உருண்டை, பக்கத்துல கிண்ணத்துல சாறு, ஓரத்துல நறுக்கின வெங்காயம். ராகி முத்தேன்னு பேராம். விலையைக் கேட்டேன். கேட்டதும் கயித்துக் கட்டில்ல உக்காந்துக்கிட்டேன்.

ஏண்டா கண்ணு, கணக்குப் பாடத்துல நூத்துக்கு நூறு வாங்கினவன்தானே நீ? 2025-26-க்கு ராகிக்கு அரசாங்கம் வெச்ச ஆதரவு விலை குவின்டாலுக்கு 4,886 ரூபாய். கிலோவுக்கு ஐம்பது ரூபாய் கூட வரல. ஒரு ஆளு வயிறு நிறைய சாப்பிட 100 கிராம் மாவு தாராளம். அப்ப நீ படம் புடிச்சு அனுப்பின உருண்டைக்குள்ள இருக்கிற ராகிக்கு, அதை விளைவிச்சவன் கைக்குப் போறது அஞ்சு ரூபாய்க்குள்ள. மிச்சமெல்லாம் மேளதாளம். நம்ம காட்டுல விளைஞ்சது ஓசூர் தாண்டிப் போய், பேரை மாத்திக்கிட்டு, டப்பாவுல ஏறி, நம்ம ஊர்ப் பையன்கிட்டயே காசு வாங்குது. கெட்டிக்காரத் தானியம். உன்னைவிடக் கெட்டிக்காரத் தானியம்.

இன்னொன்னையும் முதல்லயே சொல்லிடறேன், கீழ சொல்லப்போற சமையலெல்லாம் சைவம், அதுக்காக என்னைச் சாமியாராக்கிடாதீங்க. நான் கறி ஆகாதுங்கிற ஆளில்ல. ஒகேனக்கல் போனா மீன் வறுக்கிற வாசம் வர்ற பக்கம்தான் என் காலு போகும், அருவியெல்லாம் அப்பறம். ஆனா ஏழு நாளும் கறி எடுக்கிற வசதி எங்கப்பனுக்கும் இருந்ததில்ல, எனக்கும் இருந்ததில்ல. வாரத்துல ஆறு நாள் சைவம் எங்களுக்குக் கொள்கை கிடையாது, கையிருப்பு. நீங்க புரட்டாசி மாசம் ஒண்ணே ஒண்ணு கறியை விட்டுட்டு, ஐப்பசி ஒண்ணாந்தேதி கறிக்கடை வாசல்ல விடிகாலையில வரிசையில நிக்கறீங்களே, அந்த வீரமும் எங்களுக்கு வந்ததில்ல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நம்ம பாட்டன் பூட்டன் காலத்துச் சாப்பாட்டைப் பத்தி இப்ப ஒரு கதை ஓடுது. அவங்கல்லாம் நிதானமா, பக்குவமா, மண்சட்டியில மணிக்கணக்கா வேகவெச்சு, மந்திரம் சொல்லி எறக்கின மாதிரி. எவன் பார்த்தான்? விடியறதுக்குள்ள காட்டுக்குப் போகணும், களை எடுக்கணும், மாட்டுக்குத் தண்ணி காட்டணும், எட்டி இருக்கிற கிணத்துல போய்ச் சேந்திட்டு வரணும். அடுப்படியில குந்தியிருக்க யாருக்கு நேரம்? எங்க வீட்டுப் பொம்பளைங்க சமையல்ல போட்ட அத்தனை தந்திரமும் அடுப்பை விட்டுச் சீக்கிரம் எந்திரிச்சு ஓடறதுக்குப் போட்டது. அதுக்கு நீங்க பாரம்பரியம்னு பேர் வெச்சுக் கும்பிடறீங்க. தாராளமா கும்பிடுங்க. ஆனா அது சோம்பேறிங்க கண்டுபிடிச்ச சமையல்னு தெரிஞ்சா, கும்பிடறதை விட்டுட்டு ஒருவேளை சமைச்சும் பார்ப்பீங்க.

அவங்களை முறிச்ச வேலை ஒண்ணு இருந்துச்சு, அதை மறைக்கக் கூடாது. ராகியை ஏந்திரக்கல்லுல அரைக்கிறதும், சாமையை உரல்ல குத்தி உமி நீக்கறதும். உங்க ஆயா கையைப் பார்த்திருந்தா தெரியும். இப்ப அந்த வேலையை மில்லுக்காரன் செய்யறான், கரண்டு செய்யுது. கஷ்டமெல்லாம் கழிஞ்சு போய் மிச்சம் இருக்கிறது சொகுசு வேலை மட்டும்தான். கஷ்டம் இருந்தவரைக்கும் சமைச்சுத் தின்னுட்டு, சொகுசு வந்ததும் சமையலை விட்ட ஒரே ஜனம் நீங்கதாண்டா.

இந்தச் சமையலோட ரகசியம் ராத்திரியில இருக்கு. காலையில எவ்வளவு நேரம்னு பார்க்காதே, முந்தின ராத்திரி என்ன பண்ணினேன்னு பாரு. கொள்ளு ஒரு டம்ளர் தண்ணியில போட்டியா? காஞ்ச மொச்சையை நனைச்சியா? மிஞ்சின சோத்துல தண்ணி ஊத்தி மூடினியா? இதுக்கெல்லாம் ஆகிற நேரம், நீ படுத்துக்கிட்டு ஒரு வீடியோவைத் தள்ளி இன்னொரு வீடியோவைப் பார்க்கிற நேரம். நீ தூங்கும்போது அது ஊறும். நீ குறட்டை விட்டா இன்னும் நல்லா ஊறும். ஊறின கொள்ளு குக்கர்ல அஞ்சாறு விசில்ல குழைஞ்சிடும். ஊறாத கொள்ளு உன் அப்பார்ட்மென்ட்டையே எழுப்பற வரைக்கும் விசில் அடிச்சும் உள்ள கல்லா நிக்கும். கேஸ் யாரு காசு? ஊறப்போட்டா தானியத்துல இருக்கிற பைட்டேட்டும் கொஞ்சம் கரைஞ்சு போய், இரும்புச்சத்து உடம்புல ஒட்டறதுக்கு வழி கிடைக்கும்னு படிச்சவங்க சொல்றாங்க. உங்க ஆயாவுக்கு பைட்டேட்டும் தெரியாது, பைபாஸ் ரோடும் தெரியாது. வெறகு மிச்சமாகுதுன்னு தெரியும்.

மறந்துட்டேன்னு சொல்லுவே. சொல்லாம இருந்தாதான் ஆச்சரியம். மறந்தா கொதிக்கிற தண்ணியைக் கொள்ளு மேல ஊத்தி ஒரு பிளாஸ்க்குல மூடி வெச்சுட்டு ஆபீஸ் போ. காபி கொண்டு போக வாங்கி அலமாரியில வெச்சிருக்கியே, அந்தப் பிளாஸ்க்குக்கும் ஒரு பொழைப்பு ஆச்சு. சாயங்காலம் வந்து விசில் கொடு.

கொள்ளுன்னதும் மூஞ்சி சுளிக்காதே. குதிரைத் தீனிதான், ஒத்துக்கறேன். 100 கிராம்ல ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருக்கிற தீனி. ஜிம்முக்குப் போறவன் டப்பா டப்பாவா மாவு வாங்கிக் கலக்கிக் குடிக்கிறானே, அவன் ஓடற ஓட்டத்தைவிடக் குதிரை நல்லாவே ஓடுது. வெந்த கொள்ளுல இருந்து தண்ணியைத் தனியா வடிச்சுக்கோ. கொள்ளோட வறுத்த சீரகம், பூண்டு, வரமிளகாய், உப்பு சேர்த்து மத்தால கடைஞ்சா கடைசல். வடிச்ச தண்ணியில புளியைக் கரைச்சு, மிளகு தட்டிப்போட்டுத் தாளிச்சா ரசம். ஒரு குக்கர், ரெண்டு பதார்த்தம். பென்னாகரம், ஓசூர் பக்கம் கன்னடம் பேசற வீடுங்கள்ல இதே வேலையை உப்புசாறுன்னு பண்ணுவாங்க. பருப்பும் கீரையும் ஒண்ணா வேகும், தண்ணி சாறாகும், மிச்சம் பொரியலாகும். வெந்த தண்ணியை சிங்க்ல கொட்டறவன் அவங்க வீட்டு மருமகனாக முடியாது. பொண்ணு குடுக்க மாட்டாங்க.

இப்ப களி. பெங்களூர்ல நீ படம் புடிச்சதேதான். ஒரு டம்ளர் மாவுக்கு ரெண்டரை டம்ளர் தண்ணி. தண்ணி கொதிக்கும்போது ஒரு கை நொய்யைப் போட்டு வேகவிடு. நொய் மலர்ந்ததும் மாவை மலையாட்டம் நடுவுல கொட்டு. உடனே கிண்டாதே! அங்கதான் படிச்சவங்க எல்லாம் கோட்டை விடறாங்க. துடுப்புக் காம்பால நடுவுல ஒரு குழி போட்டு, சின்ன தீயில மூடி வெச்சுட்டு, போய் வெங்காயம் உரி. அஞ்சு நிமிஷத்துல மாவு உள்ளுக்குள்ளேயே வெந்திருக்கும். அப்பறம் எறக்கி வெச்சு, ரெண்டு காலாலயும் பாத்திரத்தைப் புடிச்சுக்கிட்டுக் கிண்டணும். உங்க ஊட்டுல தரையில உக்காரத் தெரியாது, டைல்ஸ் குளிரும். சரி, உன் பொண்டாட்டியைப் பாத்திரத்தைப் புடிச்சுக்கச் சொல்லிட்டு நீ கிண்டு. புருஷன் பொண்டாட்டி ஒண்ணா நின்னு செய்யற வேலை இந்தக் காலத்துல வேற என்ன இருக்கு? கட்டி இல்லாம வந்ததும் நனைச்ச கையால, நனைச்ச தட்டுல உருட்டு. மொத்தம் கால் மணி, மிஞ்சிப்போனா இருபது நிமிஷம். கிள்ளிக் குழம்புல முக்கி அப்படியே முழுங்கணும். மெல்லக் கூடாது. மென்னா பல்லுல ஒட்டிக்கிட்டு, மீட்டிங்ல வாயைத் திறக்க முடியாது. அதுவும் சில மீட்டிங்குக்கு நல்லதுதான்.

ராகியோட பெருமையை நான் சொன்னா ஊர்ப்பாசம்னு சொல்லுவே. பெங்களூர்ல இருக்கியே, கனகதாசரைக் கேட்டுப் பாரு. 16-ஆம் நூத்தாண்டுல 'ராமதான்ய சரித்ரே'ன்னு கன்னடத்துல ஒரு காவியம் பாடி வெச்சுட்டுப் போனார். அரிசிக்கும் ராகிக்கும் யாரு பெரியவன்னு சண்டை. பஞ்சாயத்து ராமர்கிட்ட போகுது. ரெண்டையும் ஆறு மாசம் சிறையில போட்டுட்டார். கதவைத் திறந்து பார்த்தா அரிசி சோர்ந்து கிடக்குது, ராகி கல்லுமாதிரி அப்படியே நிக்குது. ராகவன் பேரையே அதுக்கு வெச்சுட்டார்ங்கிறது கதை. ஏழை சாப்பாட்டுக்குப் பரிஞ்சு பேசினவரோட கதைதான், ஆனா அடியில நிசமும் இருக்கு. ராகி வருஷக்கணக்கா பூச்சி புடிக்காம கிடக்கும். மானம் பார்த்த பூமியில மழை ஏமாத்தின வருஷமெல்லாம் குதிர்ல கிடந்த பழைய ராகிதான் இந்தத் தர்மபுரி ஜில்லாவைக் காப்பாத்துச்சு.

ரொம்பவும் நெஞ்சை நிமித்தாதே, அதோட பூர்வீகம் ஆப்பிரிக்கா. எத்தியோப்பியா, உகாண்டா மேட்டுப்பக்கம் இருந்து ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி வந்த விருந்தாளி. குழம்புல போடற மிளகாயும் தக்காளியும் அமெரிக்காக் கண்டத்துல இருந்து வந்தது. பாரம்பரிய உணவுன்னு பலகை மாட்டி, மூணு கண்டத்தை ஒரே தட்டுல வெச்சு வித்துட்டிருக்கான். கடைக்காரன் பொழைக்கத் தெரிஞ்சவன்.

சுண்ணாம்புச் சத்து 100 கிராம் ராகியில முன்னூத்தி சொச்சம் மில்லிகிராம் இருக்கு. தீட்டின அரிசியில பத்து கூட தேறாது. அதுக்காக அளவில்லாம அமுக்கலாம்னு நெனைக்காதே. நம்ம தெருவுலயே ஒருத்தர், பேரு வேணாம், சக்கரை வியாதி வந்ததும் "ராகிதானே, ஒண்ணும் பண்ணாது"ன்னு ராத்திரிக்கு மூணு உருண்டை தள்ளினார். டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்துட்டு, "என்னங்க, கல்யாண வீட்டுக்குப் போய்ட்டு வந்தீங்களா?"ன்னு கேட்டுச்சு. ராகியிலயும் மாவுச்சத்து நூத்துக்கு எழுபது பங்கு கிட்ட இருக்கு. கஞ்சியாக் கரைச்சுக் குடிச்சா இன்னும் வேகமா ஏறும். ஒரு உருண்டை, அதுக்கு ரெண்டு பங்கு குழம்பும் கீரையும். உருண்டை சின்னது, கிண்ணம் பெருசு. இதுதான் கணக்கு.

குழம்புக்கு என்ன பண்றதுன்னு யோசிக்கவே வேணாம், அதைக் காடே யோசிச்சு வெச்சிருக்கு. நம்ம பக்கம் மானாவாரியில ராகி விதைக்கும்போது நடுநடுவே அவரைச் சாலு விடுவாங்க. ராகியை அறுத்த பிறகு அவரை படர்ந்து பூத்து, மார்கழி தை மாசத்துல காய்க்கும். அந்தப் பனியில பச்சை அவரைக்கொட்டை உரிச்சுப் போட்டு வெக்கிற குழம்பு இருக்கே, அதைப் பத்தி நான் பேச ஆரம்பிச்சா இந்தப் பத்தி முடியாது. ஒரே காட்டுல ஒண்ணா வளர்ந்ததைத் தட்டுலயும் ஒண்ணா வெச்சாங்க. தானியப் புரதத்துல லைசின் குறைச்சலாம், பருப்பு வகையில அது நிறையவாம். பருப்புல குறையறதைத் தானியம் ஈடு கட்டுமாம். காடு செஞ்சு வெச்ச கல்யாணத்துக்கு ஆராய்ச்சிக்காரங்க வந்து ஜாதகப் பொருத்தம் பார்த்துட்டுப் போயிருக்காங்க.

பச்சைக்கொட்டை ரெண்டு மூணு விசில். காஞ்சதுன்னா ராத்திரி ஊறணும். ஊறின கொட்டையை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சுப் பிதுக்கினா தோலு தனியா, பருப்பு தனியா வரும். அதுதான் பிதுக்கம்பருப்பு. வேலை கொஞ்சம் கூடத்தான், ஆனா உக்காந்துக்கிட்டுப் பண்ற வேலை. நீ டிவியில கிரிக்கெட் பார்க்கும்போது கையில ஒரு கிண்ணத்தைக் குடுத்தா இன்னிங்ஸ் முடியறதுக்குள்ள ஒரு குழம்புக்குப் பிதுக்கிடலாம். இந்தியா தோத்தாலும் குழம்பு மிச்சம்.

அடுப்பே வேணாம்னு ஒரு ஆளு வருவான், அவனுக்கும் சாப்பாடு இருக்கு. பச்சப்புளி ரசம். நெல்லிக்காய் அளவு புளியை ஊறவெச்சுக் கரைச்சுக்கோ. சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், சீரகம், ஒரு பல்லுப் பூண்டு, கொத்தமல்லித் தழை, உப்பு எல்லாத்தையும் கையால நசுக்கு. கத்தி வேணாம், மிக்ஸி வேணாம். புளித்தண்ணியில போடு. முடிஞ்சது. மிளகாயைத் தணல்ல சுட்டுப் போட்டா வாசம் தூக்கும். சூடான களிக்கும் அதுக்கும் அப்படி ஒரு சேர்த்தி. செய்ய ஆகிற நேரத்தை நான் சொல்ல மாட்டேன், சொன்னா உன் சாப்பாட்டு ஆப்புக்காரன் என்மேல கேஸ் போடுவான்.

புளி நம்ம மாவட்டத்துச் சரக்கு. ரோட்டோரம் எல்லாம் மரம். தக்காளியும் நம்ம சரக்குதான், பாலக்கோடு மார்க்கெட்டுல மலைமலையா குவியும். ஆனா தக்காளி நம்பக்கூடிய ஆள் இல்ல. ஒரு மாசம் பறிக்கிற கூலிக்குக் கட்டாதுன்னு ரோட்டோரம் கொட்டுவாங்க, இன்னொரு மாசம் நகைக்கடையில வெச்சு விக்கிற விலைக்குப் போகும். 2023 ஜூலையில கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஓடினப்ப, சென்னையில ரேஷன் கடையிலயே 60 ரூபாய்க்கு அரசாங்கம் தக்காளி வித்துச்சு. டிவியில நாலு பேர் நெஞ்சில அடிச்சுக்கிட்டாங்க. ஏம்ப்பா, தக்காளி இல்லன்னா குழம்பு வராதா? தக்காளி இங்க வந்து சில நூறு வருஷம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி உன் முப்பாட்டன் என்ன பச்சைத் தண்ணியிலயா சோத்தைப் பிசைஞ்சான்? விலை ஏறும்போது புளிக்குத் தாவு, எறங்கும்போது தக்காளிக்குத் தாவு. சிக்கனத்துல இந்தக் கட்சித் தாவல் குத்தமில்ல.

அவசரம் ரொம்ப அவசரம்னா சாமை. அரூர் பக்கம் சித்தேரி மலையில விளையறது. சின்ன மணி, அதனால அரிசியை முந்திக்கிட்டு வேகும். ஒரு டம்ளர் சாமை, கால் டம்ளர் பாசிப்பருப்பு, நாலு டம்ளர் தண்ணி, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை. குக்கர்ல மூணு விசில், பொங்கல். ப்ரெஸ்டீஜ் குக்கர் ஓசூர்லயும் செய்யறாங்க. 2004-ல கிருஷ்ணகிரியைப் பிரிக்கிற வரைக்கும் ஓசூரும் நம்ம தர்மபுரி மாவட்டம்தான். ஆக சாமையும் நம்மளது, குக்கரும் நம்மளதுன்னு நான் சொல்லிக்குவேன், கிருஷ்ணகிரிக்காரன் சண்டைக்கு வந்தா பார்த்துக்கலாம். பொங்கலுக்குத் தொட்டுக்க வேர்க்கடலைத் துவையல்: வறுத்த கடலை ஒரு கை, வரமிளகாய் ரெண்டு, துளி புளி, பூண்டு, உப்பு. கடலை கால் பங்கு புரதம். முந்திரிப்பருப்புக்கு ஏழை அண்ணன், அவ்வளவுதான்.

ஊர் முழுக்கப் பிள்ளைங்களுக்கு அடுப்பு மூட்டி விடியக்காலையில சமைக்கிறாங்களே, அதையும் ஒரு தடவை எட்டிப் பாரு. 2022 செப்டம்பர் 15-ல மதுரையில ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டம், அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல மாநிலம் பூரா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துச்சு. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூட காய் போட்ட சாம்பார். மகளிர் குழுப் பொம்பளைங்க பள்ளிக்கூட மணி அடிக்கிறதுக்குள்ள நூறு பிள்ளைங்களுக்கும் சமைச்சு முடிச்சுப் பாத்திரம் கழுவிடுது. நீங்க ரெண்டு பேரு. ரெண்டே பேரு.

கீரைக்கு வா. முருங்கை மரம் இல்லாத வீடு நம்ம ஊர்ல இல்ல. பெங்களூர்ல கட்டு கட்டி விக்கறான், பரவால்ல, வாங்கு. ராகி மாவுல உருவின முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு போட்டுச் சுடுதண்ணியில பிசைஞ்சு, தோசைக்கல்லுல கையால தட்டினா அடை. கீரையை உருவறதுக்கு அலுப்பா இருந்தா, ராத்திரி ஒரு துணியில கொத்தைச் சுத்தி வெச்சுடு. காலையில உதறினா பாதி இலை தானா கொட்டிக்கும். பார்த்தியா, இங்கயும் ராத்திரிதான் வேலை செய்யுது!

கீரையில, ராகியில இருக்கிற இரும்புச்சத்து கொஞ்சம் கூச்ச சுபாவம், தானா உடம்புல ஒட்டாது. கூட எலுமிச்சை, நெல்லின்னு வைட்டமின் சி இருக்கிறதா ஒண்ணு வந்து கையைப் புடிச்சு இழுக்கணும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா போச்சு, வந்ததையும் டீ தொரத்திடும். சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி வேணாம்னு ஐதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2024-ல எழுதி வெளியிட்டிருக்கு. நம்ம ஊர்ல டீக்கடை பெஞ்சுல உக்காந்து நான் இதைச் சொன்னேன். கடைக்காரன் பாக்கியைக் கேட்டான்.

நெல்லின்னதும் தகடூர் ஞாபகம் வரணும். தகடூர்னா நம்ம தர்மபுரி, உங்க ஐ.டி. கம்பெனி இல்ல. சாகாம வாழ வைக்கும்னு கிடைச்ச நெல்லிக்கனியை அதியமான் தான் தின்னாம அவ்வைக்குக் குடுத்தான்னு இன்னிக்கு வரைக்கும் புகழ்றோம். நெல்லி இப்ப சந்தையில கூறு போட்டுக் கிடக்குது, ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கு, ஆனா வாங்க ஆளில்ல. ரெண்டு நெல்லி, பச்சைமிளகாய், தேங்காய், உப்பு, அரைச்சா துவையல். அதியமான் குடுக்க வரமாட்டான், நீதான் வாங்கணும்.

அந்த அவ்வை பேருலயே இன்னொரு தனிப்பாட்டும் உண்டு. புல்வேளூர்ல பூதன்னு ஒருத்தன் வீட்டுல சாப்பிட்டுட்டு, உலகத்தையே விலையாக் குடுக்கலாம்னு புகழ்ந்துச்சாம் கிழவி. என்ன விருந்து? வரகரிசிச் சோறு, கத்திரிக்காய் வாட்டல், புளிச்ச மோர். அவ்வளவுதான் மெனு! கறியுமில்ல, பன்னீருமில்ல. கத்திரிக்காயை அடுப்புல சுட்டு, தோலு உரிச்சு, உப்பு மிளகாய் வெங்காயம் போட்டுப் பிசையறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நீ கேஸ்ல சுட்டாலும் அது சுடும். பூதன் சோத்துக்குக் கிடைச்ச விலை ஒரு பாட்டு. நீ ஐந்து நட்சத்திரம் போட்டுட்டு, காசையும் குடுத்துட்டு, டெலிவரி லேட்டுன்னு மன்னிப்பும் வாங்கிக்கிறே.

மோர்னதும் சொல்லணும். கறியே வேணாம்னு முழுசா விடறவங்க தயிர், மோர், பாலை விடாதீங்க. பி12-ன்னு ஒரு சத்து செடிகொடியில கிடைக்காது. ரத்தத்துக்கும் நரம்புக்கும் அது வேணும். பாலும் ஆகாதுங்கிற கட்சியா இருந்தா டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்கிக்கோ, வீம்புக்கு நிக்காதே. பழைய சோத்துத் தண்ணியில மோர் கலந்து, சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டுக் குடிச்சா காலைச் சாப்பாடு தீர்ந்தது. சமைச்ச நேரம் சைபர். வெயில் காலத்துல ஒரு ராத்திரிக்கு மேல வெக்காதே, அவ்வளவுதான் சாஸ்திரம்.

சரக்கு வாங்கற விஷயத்துல உனக்கு மானம் போகாத ஒரு வழி இருக்கு. ஊர்ல உன் பேர்ல குடும்ப அட்டை இருக்கே, அது பெட்டியில பூட்டி வெக்கிறதுக்கு இல்ல. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. 2023-ல, ஐ.நா. சபை சிறுதானிய வருஷம்னு அறிவிச்ச அதே வருஷத்துல, தர்மபுரிக்கும் நீலகிரிக்கும் முன்னோட்டமா ரேஷன் அரிசியில 2 கிலோவுக்குப் பதில் ராகி 2 கிலோ குடுக்க ஆரம்பிச்சாங்க, அரிசி மாதிரியே காசில்லாம. மாசம் ரெண்டு கிலோ, நான் சொன்ன 100 கிராம் கணக்குல இருபது உருண்டை. நீ படம் புடிச்ச தட்டோட விலையால இருபதைப் பெருக்கிப் பாரு. பெருக்கிட்டியா? இப்ப நீயும் கட்டில்ல உக்காந்துக்கோ.

உன் பொண்டாட்டிகிட்ட இதையெல்லாம் படிச்சுக் காட்டி, "பாரு, தாத்தா உனக்குத்தான் சொல்றார்"னு மட்டும் சொல்லிடாதே. நான் யாருக்குச் சொல்றேன்னு அந்தப் பிள்ளைக்கு நல்லாவே தெரியும். உங்க ஆயா போன பிறகு நான் தனியாத்தான் ஆக்கித் தின்னுட்டிருக்கேன். ஆம்பளை கை பட்டா களி கட்டி தட்டும்னு எந்த ராகியும் இதுவரைக்கும் சொன்னதில்ல.

கடைசியா களிப் பாத்திரம். அடியில மெல்லிசா ஒட்டிக் காஞ்சிருக்கிற காந்தலைச் சுரண்டித் தின்னுடு, சின்ன வயசுல நீயும் உங்கப்பனும் அதுக்குத்தான் அடிச்சுக்குவீங்க. மிச்சம் ஒட்டினது தேச்சா போகாது, நாரு தேயும், நகம் தேயும். உடனே தண்ணி ஊத்தி வெச்சுடு, காலையில தானா உரிஞ்சு வரும். அந்தத் தண்ணியைக் கீழ கொட்டாதே, கழனித் தொட்டியில ஊத்தினா மாடு குடிச்சுக்கும். என்னது, ஒன்பதாவது மாடியில மாடு கிடையாதா? அப்ப செடித் தொட்டியில ஊத்து. பாத்திரத்தை மட்டும் வேலைக்கார அம்மாவுக்கு வெக்காதே, நீயே கழுவு.